விற்பனையில் முதலிடம் பிடித்த ஆல்பத்துக்குள் எட்டு நிமிடச் சத்தம்

பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸின் ‘வெள்ளை ஆல்பம்’ பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பாட்டாக இல்லாமல் ஒலித் துண்டுகளை அடுக்கி உருவாக்கிய ‘ரெவல்யூஷன் 9’ என்ற ட்ராக்கை அதில் சேர்த்திருக்கவே கூடாது என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. இரட்டை இசைத்தட்டின் 30 ட்ராக்குகளில் பாதியைக் கழித்துவிட்டு, தமக்குப் பிடித்தவற்றை மட்டும் ஒற்றைத் தட்டாகத் தொகுத்துப் பார்க்கும் ரசிகர்கள் முதலில் கழிப்பதும் அதைத்தான். இந்தக் கருத்தோடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. இலட்சக்கணக்கில் விற்கும் ஓர் ஆல்பத்துக்குள், வாங்கியவர்கள் எவரும் எதிர்பார்க்காத ஒரு பரிசோதனை இடம்பெறுவதை, வெகுஜன இசையால் செய்யக்கூடிய பெரிய காரியங்களில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

அந்த ட்ராக் உருவான விதத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 1968 மே மாத இறுதியில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் ‘ரெவல்யூஷன் 1’ பாடலைப் பதிவு செய்தபோது, பாட்டு முடிந்த பிறகும் குழு வாசிப்பை நிறுத்தவில்லை. ஒரு டேக் (நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுக்கும் பதிவு) பத்து நிமிடத்தையும் தாண்டி, கூச்சலும் முனகலுமாக நீண்டது. அந்த நீண்ட வால் பகுதியை குழுவின் பாடகர் ஜான் லெனன் தனியே பிரித்தெடுத்து அடித்தளமாக வைத்துக்கொண்டார். அதன் மேல், தம் காதலி யோகோ ஓனோவுடனும் குழுவின் கிடார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனுடனும் சேர்ந்து, ஸ்டுடியோவின் ஒலிநாடாக் கிடங்கிலிருந்து எடுத்த பழைய ஆர்கெஸ்ட்ரா பதிவுகளையும், பின்னோக்கி ஓடவிட்ட இசையையும், தொடர்பற்ற சொற்றொடர்களை வாசிக்கும் குரல்களையும் அடுக்கினார். மீண்டும் மீண்டும் ஒலிக்கும் ‘நம்பர் நைன்’ என்ற குரல் ஒரு இசைத் தேர்வு ஒலிநாடாவிலிருந்து வெட்டியெடுத்தது. நாடாத் துண்டின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, ஒரே நேரத்தில் பல இயந்திரங்களில் சுழலவிட்டு, கலவை மேசையில் எந்த ஒலியை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று அந்தந்தக் கணத்தில் தீர்மானித்தார்கள். இதற்காக ஜூன் 20 அன்று அபே ரோட்டின் மூன்று ஸ்டுடியோக்களையும் பயன்படுத்தினார்கள். முடிவில் கிடைத்தது 8 நிமிடம் 22 விநாடி.

இந்த வகை இசை லெனனின் கண்டுபிடிப்பு இல்லை. 1948இலேயே பாரிஸில் பியர் ஷேஃபர் ரயில் எஞ்சின்களின் ஓசையைப் பதிவு செய்து, வெட்டி, சுழற்றி இசையாக்கியிருந்தார். ஜெர்மனியில் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் ஒலிநாடாவைக் கொண்டு இன்னும் நுட்பமான படைப்புகளைச் செய்துகொண்டிருந்தார். அவர்களோடு ஒப்பிட்டால் ‘ரெவல்யூஷன் 9’ கட்டுக்கோப்பில் பின்தங்கியே நிற்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களுடைய இசையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் அதைத் தேடிப் போனவர்கள். 1968 நவம்பரில் பீட்டில்ஸ் தட்டை வாங்கிய பள்ளி மாணவர்களில் ஷேஃபரின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்த அந்த ஆல்பம் வழியாக, இசை என்றால் மெட்டும் தாளமும் சொல்லும்தான் என்று நம்பிய வீடுகளுக்குள் வேறொரு கேட்கும் முறை நுழைந்தது. பிடிக்காமல் போனவர்களும்கூட அதைக் கேட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

குழுவின் இன்னொரு பாடகர் பால் மெக்கார்ட்னியும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் இதைச் சேர்ப்பதற்கு எதிராக இருந்தார்கள். மெக்கார்ட்னியின் எதிர்ப்பைப் பழமைவாதம் என்று சிலர் எழுதுவது அநியாயம். 1966இல் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாடலுக்கான நாடா வளையங்களைத் தம் வீட்டிலேயே ஒட்டிப் பார்த்து வழிகாட்டியவர் அவர்தான். அதில் கடற்பறவைகள் அலறுவதுபோல் கேட்பது வேகம் கூட்டப்பட்ட அவருடைய சிரிப்பொலி. பரிசோதனை ஒரு பாடலுக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடாக இருந்திருக்கலாம். அதுவும் மதிக்கத்தக்க நிலைப்பாடே.

அந்த வழியில் மிகத் தொலைவு சென்றது பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழு. அதே அபே ரோட்டில் பதிவாகி 1973இல் வெளிவந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தின் ‘மணி’ பாடல், நாணயங்கள் சிதறும் ஓசை, காகிதம் கிழியும் ஓசை, கல்லாப் பெட்டியின் மணியோசை என்று ஏழு ஒலிகளைச் சம நீளத்துக்கு அளந்து வெட்டி ஒட்டிய நாடா வளையத்தோடு தொடங்குகிறது. பாடலும் ஏழு எண்ணிக்கையில்தான் நடக்கிறது. ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு அந்த நடை உடனே பிடிபடும். அதே ஆல்பத்தின் ‘ஆன் தி ரன்’ பாட்டே இல்லாத ஒரு ட்ராக். சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் இட்ட எட்டு ஸ்வரங்கள் அதிவேகத்தில் சுழல, காலடி ஓசையும் விமான நிலைய அறிவிப்பும் அதன் மேல் கடந்துபோய், இறுதியில் ஒரு வெடிச்சத்தத்தில் முடிகிறது. இத்தகைய பகுதிகளைக் கொண்ட ஆல்பம் அமெரிக்காவின் ஆல்பம் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் இருந்தது. கடினமானதை மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று இசை நிறுவனங்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பதை நான் நம்ப மறுப்பதற்கு இந்த ஓர் ஆல்பமே போதும்.

பெயரும் புகழும் பெற்றவர்களுக்கு மட்டுமே இத்தகைய சுதந்திரம் கிடைத்தது என்ற மறுப்பு நியாயமானது. புதிதாக வந்த ஒரு குழு மூன்று ஸ்டுடியோக்களைக் கேட்டிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். அப்படிக் கிடைத்த சலுகையை இன்னொரு காதல் பாட்டுக்குச் செலவிடாமல் இதற்குச் செலவிட்டார்கள் என்பதற்காகவே நான் அவர்களைப் பாராட்டுகிறேன்.

இன்று ஸ்ட்ரீமிங்கில் ‘ரெவல்யூஷன் 9’ஐ ஒரு தட்டலில் கடந்துவிட முடிகிறது, ஆல்பத்தின் வரிசையையே அறியாமல் அதைத் தனித் துண்டாகக் கேட்டுவிட்டு வெறும் இரைச்சல் என்று தீர்ப்பும் சொல்லிவிட முடிகிறது. அதைக் கேட்க விரும்புவோர் இரட்டைத் தட்டின் நான்காம் பக்கத்தை முழுமையாகக் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கம் தொடங்குவது ‘ரெவல்யூஷன் 1’இல், நடுவே மூன்று பாடல்கள் கடந்த பிறகு, அதே பதிவின் வாலிலிருந்து வளர்ந்த இந்தக் கொந்தளிப்பு வருகிறது, அதன் பின் ரிங்கோ ஸ்டார் பாடும் தாலாட்டு. ‘ரெவல்யூஷன் 1’உம் ‘ரெவல்யூஷன் 9’உம் பிரிக்கப்படுவதற்கு முந்தைய அந்தப் பத்து நிமிட டேக், 2018இல் வெளியான ஐம்பதாம் ஆண்டுத் தொகுப்பில் வெட்டப்படாமல் இடம்பெற்றிருக்கிறது. பாட்டு எந்த இடத்தில் சத்தமாக மாறத் தொடங்குகிறது என்பதை அதில் யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.