பழைய இமேஜ் எடுத்தால் பழைய கர்னல் வருமா?

பழைய உபுண்டு (லினக்ஸ் வகை ஒன்று) இமேஜை, அதாவது அதன் கோப்புகளின் தொகுப்பை, கிளவுடில் கன்டெய்னராக (மற்றவற்றிலிருந்து பிரித்து) ஓட்டினால் அந்தக் காலத்து கர்னலும் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) கூடவே வரும், கர்னல் பிழையை அதிலேயே தேடலாம் என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். பலர் ஆமோதித்திருப்பதால் இந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்: அப்படி வராது.

இமேஜ் கொண்டுவருவது லைப்ரரிகளும் கருவிகளும்தான். சிஸ்டம் கால், அதாவது புரோகிராம் கர்னலிடம் வைக்கும் கோரிக்கை, எல்லாம் ஹோஸ்டின் (கன்டெய்னர் ஓடும் மெஷினின்) கர்னலுக்கே போகும். அந்தக் கர்னலின் வசதிகளான நேம்ஸ்பேஸும் சிகுரூப்பும் கன்டெய்னர்களைப் பிரித்துவைக்கின்றன, அவ்வளவே.

நீங்களே பார்க்கலாம். ஒரே மெஷினில் உபுண்டு, ஆல்பைன் (இன்னொரு லினக்ஸ் வகை) இரண்டையும் டாக்கரில் (கன்டெய்னர் ஓட்டும் கருவி) ஓட்டி, இரண்டிலும் யூநேம் கட்டளையை 'ஆர்' ஆப்ஷனுடன் கொடுங்கள். ஒரே கர்னல் பதிப்பு எண்தான் வரும். ஓஎஸ்ஸின் பெயரையும் பதிப்பையும் சொல்லும், ஈடிசி அடைவிலுள்ள ஓஎஸ்-ரிலீஸ் கோப்பு மட்டும் வேறுபடும். பலரைக் குழப்புவதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

கேட்டா கன்டெய்னர்ஸ் போன்ற கருவிகள் கன்டெய்னரைச் சிறு விஎம்முக்குள் (தனி கர்னலுள்ள மெய்நிகர் மெஷின்) ஓட்டுவதால் அங்கே எண் ஹோஸ்டிலிருந்து மாறலாம். அதுவும் அந்த விஎம்மின் கர்னலே, இமேஜிலிருந்து வந்ததல்ல.

லைப்ரரிப் பிழை என்றால் கன்டெய்னரே பெரும்பாலும் போதும். கர்னல் பிழைக்கு, அதே கர்னல் பதிப்புள்ள விஎம் ஒன்றை எடுங்கள்.