ஸ்பூனா, முள்கரண்டியா?

‘வால்-ஈ’ என்ற அனிமேஷன் படம் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறது என்று, அதைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர் குறைப்பட்டிருக்கிறார். 2008-இல் வந்த அந்தப் படத்தின் முதல் அரை மணி நேரத்தில் பேச்சே அபூர்வம். வாயைத் திறக்காத படம் எங்கே பாடம் நடத்துகிறது? மனிதர்கள் விட்டுப்போன பூமியில் வால்-ஈ என்ற துருப்பிடித்த ஓர் இயந்திரம் குப்பையை அழுத்திக் கட்டிகளாக்கி, கோபுரம் கோபுரமாக அடுக்கிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். அது முனகுவதும் வியப்பதும் ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் ரோபோ ஆர்2-டி2வுக்குக் குரல் உருவாக்கிய பென் பர்ட்டின் கைவண்ணம்.

குப்பையில் கிடைத்த வைர மோதிரத்தை வீசிவிட்டு, அதன் பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளும். மூடித் திறந்து பார்ப்பதில் அப்படியொரு சுகம்! பிறகு வீட்டில், பாதி ஸ்பூனும் பாதி முள்கரண்டியுமான ஒரு சாமானை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று திகைத்து, இரண்டுக்கும் நடுவில் வைக்கும். என் மகள் விழுந்து விழுந்து சிரித்தது அங்கேதான். மறுநாள் ஐஸ்கிரீம் கப்போடு வந்த மரக்கரண்டியைக் கழுவிப் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். எதற்கென்று கேட்டேன். “சும்மா இருக்கட்டும்பா” என்றாள்.

மனிதர்கள் குடியிருக்கும் விண்கப்பலுக்கு அது போனபின் படம் துரத்தல் விளையாட்டாகிவிடுகிறது. எழுநூறு ஆண்டுக் குப்பைக்குப் பிறகும் பூமி பச்சைபிடிப்பது, பெயர்கள் ஓடும் நேரத்தில் சித்திரங்களாகவே முடிந்துவிடுகிறது. அதைவிட எனக்கு உறுத்தியது, படத்தையொட்டிக் கடைகளுக்கு வந்த பிளாஸ்டிக் வால்-ஈ பொம்மைகள். ஒரு கை உடைந்த ஒன்று எங்கள் பரண்மேலும் கிடக்கிறது.