அந்த ரெண்டு ஜாடியும் தப்பில்லை

ஞாயிற்றுக்கிழமை அறிவியல் கண்காட்சியில் என்ன நடந்தது என்பது பெங்களூரில் இருக்கும் நம்ம ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். பத்து ஜாடி மாவு, ஒவ்வொன்றிலும் காஸ்டானியம், கன்ஃப்யூசம் என்ற இரண்டு இன மாவு வண்டு; கடைசியில் ஒரு இனம்தான் மிஞ்சும். எட்டில் காஸ்டானியம் ஜெயித்தது, இரண்டில் கன்ஃப்யூசம். "அந்த ரெண்டும் எரர்மா, எடுத்துடு" என்றார் நடுவர். சோதனை செய்த அந்தப் பெண் எடுக்கவில்லை. பரிசும் கிடைக்கவில்லை.

எரரா? சிகாகோவில் தாமஸ் பார்க் என்ற ஆய்வாளர் இதே இரண்டு இனங்களை மோதவிட்டு 1954-இல் முடிவை வெளியிட்டார். 95 பங்கு கோதுமை மாவு, 5 பங்கு ஈஸ்ட், குப்பிக்கு 8 கிராம். 30 நாளுக்கு ஒருமுறை சலித்து, புழு, கூட்டுப்புழு, வண்டு எல்லாவற்றையும் எண்ணிப் புது மாவில் விட வேண்டும். 34 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால் எப்போதும் காஸ்டானியம். 24 டிகிரி, 30 சதவீதம் என்றால் எப்போதும் கன்ஃப்யூசம். 29 டிகிரி, 70 சதவீதத்தில்? நூற்றுக்கு 86-இல் காஸ்டானியம், 14-இல் கன்ஃப்யூசம். அந்தப் பெண்ணின் இன்குபேட்டரும் அதே 29 டிகிரிதான் சார். எட்டுக்கு ரெண்டு வந்ததில் என்ன குற்றம்?

இந்த ஜாடியில் யார் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாது. நூறு ஜாடியில் யாருக்கு எத்தனை என்று ஏறக்குறைய சொல்லலாம். இதைத்தானே அவள் ஜாடிகள் காட்டின!

இந்த வண்டுகள் சண்டை போடுவதில்லை. முட்டையையும் கூட்டுப்புழுவையும் தின்கின்றன, தன் இனத்தினுடையதையும் பிற இனத்தினுடையதையும். மாவைத் துளைத்துப் போகிற வழியில் எது அகப்பட்டதோ அது காலி. தொடக்கத்தில் சில ஜோடிகளே இருக்கும்போது பத்து முட்டை அப்படிப் போனாலே ஆட்டம் சாய்ந்துவிடும்.

"பராமரிப்பு சரியில்லை" என்பார்கள். நிஜமான தப்பு எப்படி வரும் என்று தெரியுமா? மாவை முன்னாடியே ஃப்ரீசரில் வைக்காவிட்டால் மில்லில் இருந்து வந்த முட்டை உள்ளேயே இருக்கும். ஒரு இனத்தை இன்னொன்று என்று எண்ணிவிடலாம், லென்ஸில் உணர்கொம்பைப் பார்க்கணும். நுனியில் மூன்று கணு திடீரென்று தடித்தால் காஸ்டானியம், படிப்படியாகத் தடித்தால் கன்ஃப்யூசம். அடெலினா என்ற ஒட்டுண்ணி புகுந்தால் காஸ்டானியம் தேறுவது கஷ்டம். பார்க்கின் 1948 சோதனையில் அந்த ஒட்டுண்ணி இருந்த 74 குப்பியில் 66-ஐக் கன்ஃப்யூசம் கொண்டுபோனது. அங்கேயும் 74-க்கு 74 வரவில்லை, கவனியுங்கள். இதில் எதையாவது நடுவர் கேட்டாரா? லென்ஸைத் தொட்டாரா?

"அது தற்செயல் இல்லை, மரபணு" என்று ஒருத்தர் கட்டாயம் வருவார். வாங்க. 1962-இல் லெர்னர், டெம்ப்ஸ்டர் என்ற ஆய்வாளர்கள் ஆரம்ப வண்டுகளின் மரபணு முடிவைத் திருப்பும் என்று காட்டினார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் கையில் எடுத்த சில ஜோடிகளில் எந்த மரபணு வந்து மாட்டும் என்பதை யார் முடிவு செய்தது? அதுவும் குலுக்கல்தானே.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான்: வலியது வெல்லும், வெல்லாவிட்டால் அந்த வரியை அழி. அப்புறம் ஏன் எல்லா புராஜெக்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்று அங்கலாய்ப்பு வேறு. மதிப்பெண் படிவத்தில் "முடிவின் தெளிவு" என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். மாதாமாதம் மாவு சலித்து எண்ணியதற்குக் கட்டமே கிடையாது.