"வழி தாராளமா உண்டும்" என்று சொன்ன புண்ணியவானுக்கு

இன்றைக்குக் காலையிலும் செப்டிக் டேங்க் லாரிக்காரர் திரும்பிப் போய்விட்டார். இது மூன்றாவது முறை. வண்டி நிற்கிற இடத்திலிருந்து என் வீட்டுத் தொட்டி வரைக்கும் அவருடைய ஓஸ் எட்டவில்லை. "இன்னும் ரெண்டு ஓஸ் சேர்த்து எடுத்துட்டு வாறேன் அண்ணாச்சி, ஆனா ரேட்டு வேற" என்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் இந்த எட்டு சென்டைக் காட்டி, "வழி தாராளமா உண்டும், பேடிக்காதீங்க" என்றாரே ஒரு புரோக்கர், அவரை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வழி உண்டுதான். பத்திரத்திலேயே இருக்கிறது, "3 அடி நடைவழி பாத்தியம் உட்பட" என்று. நான்தான் படிக்கவில்லை. சென்டுக்கு என்ன விலை, கிணற்றுத் தண்ணீர் நல்லதா, வாசல் எந்தத் திசை, எல்லாம் பார்த்தேன். வில்லங்கம் முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த ஒரு வரியைக் கோட்டை விட்டேன். பார்க்கப் போன அன்றைக்குக் கார் மனைக்குள்ளேயே வந்து நின்றது, அப்புறம் யாருக்குச் சந்தேகம் வரும்? கார் வந்தது முன்வீட்டுக்காரர் மண் வழியாக. விற்றவர் அவருக்குச் சித்தப்பா மகன், அதனால் முன்வீட்டுக்காரர் விட்டுவைத்திருந்தார். பத்திரம் முடிந்து இரண்டாம் மாதம் கல் நாட்டிவிட்டார். அவர் மண், அவர் கல். நான் என்னத்தைக் கேட்க?

வீடு கட்டின கதையைக் கேட்காதீர்கள். எம் சாண்டை மெயின் ரோட்டில் தட்டிவிட்டு டெம்போ போய்விடும். அங்கிருந்து சட்டி சட்டியாகத் தலைச்சுமை. சிமெண்ட், கம்பி, ஹாலோ பிளாக், கடைசியில் கதவு நிலையைக்கூட நான்கு பேர் சரித்துச் சரித்துத்தான் கொண்டு வந்தார்கள். நடுவில் ஜூன் மழை பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் கிடந்த மணலில் ஒரு பங்கு ஓடையோடு போனது. கார் ஷெட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம் சுமட்டுக்கூலிக்கே சரியாகிவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான், ஷெட் கட்டி அதற்குள் எதை விடுவது?

கல்குளம், விளவங்கோடு தாலுகா பக்கம் பாதிப் பேருக்கு இந்தப் பாடுதான். இங்கே தெருத்தெருவாக வீடு கிடையாது, அவரவர் விளையில், அதாவது தோட்டத்து மண்ணில், அவரவர் வீடு. தாத்தா காலத்தில் ஒரே விளையாக இருந்ததை ஐந்து பிள்ளைகளுக்குப் பாகம் வைக்கும்போது முன்பக்கத்துக்காரனுக்கு ரோடு, பின்பக்கத்துக்காரனுக்கு ஓரமாக மூன்றடி நடைவழி. தேங்காயும் மரச்சீனியும் தலையில் போன காலத்தில் அது போதும். 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல், சென்னைக்கு அடுத்து நம் மாவட்டம்தான். ஒரு சாண் மண்ணை இங்கே யார் சும்மா விடுவார்?

வக்கீலிடமும் போய்ப் பார்த்தேன். 1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தில் (ஈஸ்மென்ட் சட்டம்), ஒரு வகை வழி உரிமைக்குள் இன்னொரு வகை அடங்காது என்று 28ஆம் பிரிவு சொல்கிறதாம். நடக்க உரிமை இருந்தால் நடக்கலாம், வண்டி ஓட்ட முடியாது. தடையில்லாமல், உரிமையோடு 20 வருடம் வண்டி போயிருந்தால் கதை வேறு. எனக்கு இரண்டு மாதம்!

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றில் வழியின் அகலம் வரும் என்று நம்பி இருக்காதீர்கள். புலப்படத்தில், அதாவது சர்வே அளவு வரைபடத்தில், கோடு இல்லாத பாதை பெரும்பாலும் யாரோ ஒருவருடைய பட்டா மண். அந்த சர்வே நம்பரைப் போட்டு, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நாலு எல்கையோடு நிறுத்தாமல் மூலப்பத்திரத்தில் வழி பற்றிய வரியைத் தேடுங்கள். 1956க்கு முந்தின திருவிதாங்கூர் காலத்துப் பிரமாணம் (பத்திரம்தான்) மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்கிற மலையாள வருடக் கணக்குப் போட்டு இருக்கலாம். வாசிக்கத் தெரிந்தவரைப் பிடியுங்கள், ஆயிரம் இரண்டாயிரம் போனால் போகட்டும். பாதையை முகப்பில் அளக்காதீர்கள், ஆள் ஏமாறுவதே அங்கேதான். என் பாதை முகப்பில் பத்தடி, பிலாமரத்து வளைவில் மூன்றடி. முன்பக்கத்துக்காரர் "வண்டி போகலாம்" என்று வாயால் சொன்னால் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு, அதையே எழுதிப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். அது கைக்கு வராமல் அட்வான்ஸில் ஒரு ரூபாய் நீட்டாதீர்கள்.

போன மாதம் அம்மாவுக்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் ரோட்டில் நிற்கிறது. நானும் பக்கத்து வீட்டுப் பையனும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம். வளைவில் நாற்காலிக் கால் அந்தக் கல்லில் இடித்தது. "பதுக்கப் போ மக்கா" என்றாள் அம்மா, அந்த மூச்சிலும். நல்லபடியாகத் திரும்பி வந்தாள், அதே நாற்காலியில்.

நேற்று அதே புரோக்கர், என் வீட்டுக்கும் பின்னால் கிடக்கிற ஆறு சென்டுக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். காரை ரோட்டில் விட்டு நடந்து வந்ததில் அந்தப் பெண்ணின் செருப்பெல்லாம் சேறு. "வழி தாராளமா உண்டும்" என்பது அடுக்களை வரை கேட்டது. நான் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.