அத்தை கதவைத் திறந்துதான் அவர் உள்ளே போனார்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்து வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். செட்டிநாட்டு ஊர்களை மீட்டெடுப்பதைப் பற்றிப் பேச வந்தவர், ஒரு பழைய செட்டியார் வீட்டு வளவில், அதாவது தூண் வரிசை சூழ்ந்த நடுமுற்றத்தில் நின்றுகொண்டு, "இங்கே மனிதர்களே இல்லை, வீடுகள் மட்டும்தான் மிச்சம்" என்கிறார். எல்லாரும் கை தட்டுகிறார்கள். அப்போது அவருக்குப் பின்னால், தூணை ஒட்டி ஒரு பெண் நிற்கிறார், பாருங்கள். கையில் சாவிக்கொத்து. அது என் அத்தை. அன்றைக்கு விடியற்காலையிலேயே போய் வளவைக் கூட்டித் துடைத்து, அந்தக் கதவைத் திறந்துவிட்டதே அவர்தான். முப்பத்தோரு வருசமாக அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறார்.

அத்தையிடம் வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நான் நிக்கிறது அவுகளுக்குத் தெரியலையாத்தா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாளாக அதே கேள்விதான் மனசில் ஓடுகிறது.

மனிதர்கள் இருக்கிறோம். ஆத்தங்குடித் தரைக்கல் போடுகிறவர்கள், கண்டாங்கிச் சேலை நெய்கிறவர்கள், ஓலையில் கொட்டான் கூடை பின்னுகிறவர்கள், புதுவயல் அரிசி ஆலைகளில் மூட்டை தூக்குகிறவர்கள், என்னைப்போலப் பலகாரம் சுட்டுப் பிழைக்கிறவர்கள். எல்லாரும் இருக்கிறோம்.

வீடுகளைக் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தூணும் நிலைக்கதவும் விலைக்கு அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரியும். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம்பெற்றபோது தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். ஆனால் அந்தப் பதிவே 'தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்புகள்' என்றுதான் சொல்கிறது. கிராமம் என்றால் ஊருணியும் கோயிலும் தெருவும் அதில் புழங்குகிற ஆளும் சேர்ந்ததுதானே? ஆளை விட்டுவிட்டு எதை மீட்பீர்கள்?

சுற்றுலா வந்தால் வேலை வருமே என்பீர்கள். வருகிறது, மறைக்கவில்லை. கானாடுகாத்தானில் தங்க வருகிறவர்களுக்கு என் அடுப்படியிலிருந்துதான் மணகோலமும் சீப்புச் சீடையும் போகின்றன. என்னோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஆனால் அது மார்கழி, தை, மாசி வரைக்கும்தான். சித்திரை வெயிலில் யார் வருகிறார்கள்? அந்த நான்கு பேருக்கும் சித்திரையிலும் வயிறு இருக்கிறது. மாவு அரைக்கும் இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்கு நான்கு தடவை நடந்தேன். வீட்டுப் பத்திரம் எங்கே என்றார்கள். அதோடு சரி.

அப்புறம், "உங்கள் பிள்ளைகள்தான் ஊரை விட்டுப் போய்விட்டார்களே" என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருந்தார். எனக்கு ரொம்ப வலித்தது அதுதான். என் தம்பி சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறான். பதினான்கு வயதிலேயே அப்பாவோடு ஆத்தங்குடிப் பட்டறைக்குப் போனவன். அப்பா கல் போடுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, மேலே பூ அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார். ஒரு சொட்டு பக்கத்துக் கட்டத்தில் விழாது. அச்சை மெல்லத் தூக்கி, காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன் மேல் கலவையைப் போட்டு இழுத்துவிடுவார். பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு வெயில். சூளை கிடையாது. கண்ணாடியிலிருந்து கல் பிரிந்து வரும்போது இருக்கும் அந்தப் பளபளப்பைப் பார்த்து அப்பா சிரித்தால் அன்றைக்கு வீட்டில் நல்ல நாள். சிமெண்ட் அரித்து விரல் நுனியில் ரேகையே இருக்காது அவருக்கு. ரேஷன் கடை மிஷினில் விரல் வைத்தால் ஏற்காது.

அதே பூவை இன்றைக்குப் பீங்கான் டைல்ஸில் அச்சடித்து 'ஆத்தங்குடி டிசைன்' என்று கடையில் விற்கிறார்கள். தம்பி எப்படி நிற்பான்? அவன் ஊரைப் பிடிக்காமல் போகவில்லை. தங்கச்சி கல்யாணக் கடன் அடைக்கப் போனான்.

வீட்டுக்காரர்கள் பாவம், ஒரு வீட்டுக்கு எத்தனையோ புள்ளி, அதாவது பங்குள்ள குடும்பங்கள், ஓடு மாற்றக்கூட எல்லாரையும் கேட்க வேண்டும் என்பதும் உண்மைதான். அவர்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் செட்டியார்களின் லேவாதேவி அங்கே படுத்துப்போனதை எல்லாரும் சொல்கிறார்கள். அந்த வரும்படி நின்றபோது இங்கே வேலை நின்றுபோன கொத்தனார், ஆசாரி, சமையல்காரர் கதையை யாராவது மேடையில் சொல்லியிருக்கிறார்களா? தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. அதைச் செதுக்கிய கை எங்கிருந்து வந்தது?

அழகப்பச் செட்டியாரும் இந்த மண்ணுக்காரர்தான். 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1953இல் திறந்தார்கள். கல்லூரிகள் கட்டினார். எத்தனை குடும்பம் அதனால் தலையெடுத்தது! இருக்கிற ஆளுக்குப் படிப்பும் வேலையும் கொடுத்தால் ஊர் தானாக நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்களுக்கு வேண்டியது பெரிசாக ஒன்றும் இல்லை. 2019இல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நெய்கிறவர் கூலி அதனால் ஏறியதா என்று யாராவது வந்து கேளுங்கள். காரைக்குடியிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு டவுன் பஸ் விடுங்கள். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்ல விசயம், ஆனால் ஏழே முக்காலுக்கு மேல் பஸ்ஸே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஜவுளிக்கடை வேலையை விட்டதே அதனால்தான். கடை மூட எட்டரை ஆகிவிடும். மூன்று மாதம் அவளுடைய அப்பா சைக்கிளில் வந்து கூட்டிப்போனார். மழை பிடித்ததும் அவரால் முடியவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறாள்.

அடுத்த கூட்டம் இரண்டு வாரத்தில் என்று அறிவித்திருக்கிறார்கள். காலை பதினொரு மணிக்கு வேண்டாம், அந்நேரம் பட்டறையில் கலவை காய்ந்துவிடும், யாரும் எழுந்து வர முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு வையுங்கள். அத்தைக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்.