முன்பு இங்கே ஒரு குட்டை இருந்தது

(மயிலாப்பூர், நாகேஸ்வர ராவ் பூங்கா. காலை எட்டு மணி. தென்காசியார் தம் மகளைப் பார்ப்பதற்காகச் சென்னைக்கு வந்திருக்கிறார். மயிலையார் அந்த மகளின் மாமனார். ஒருவர் மனத்தை மற்றவர் நோகடித்துவிடக் கூடாதே என்று சம்பந்திகளுக்கே உரிய எச்சரிக்கையுடன், அச்சடித்த தமிழில் பேசிக்கொள்கிறவர்கள்.)

மயிலையார்: உட்காருங்கள், சம்பந்தி. நான்கு சுற்று நடந்துவிட்டோம். மருத்துவர் ஆறு சுற்று சொன்னார் என்றீர்கள். மீதி இரண்டை வாசலில் ஒரு டம்ளர் அருகம்புல் சாறு குடித்துச் சரிக்கட்டிவிடலாம்.

தென்காசியார்: அருகம்புல்லை எங்கள் ஊரில் பிள்ளையாருக்குச் சாத்துவோம், இங்கே அரைத்து விற்கிறீர்கள். இருக்கட்டும். பூங்கா நன்றாக இருக்கிறது. நிழல் இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, அந்த மூலையில் ஒரு கூட்டம் காரணமே இல்லாமல் கைதட்டிச் சிரித்துக்கொண்டும் இருக்கிறது. சென்னையில் ஒரு பூங்காவை முழுமையாகப் பார்த்துவிட்டேன் என்று ஊருக்குப் போய்த் தைரியமாகச் சொல்லலாம்.

மயிலையார்: முன்பு இங்கே ஒரு குட்டை இருந்தது.

தென்காசியார்: தொடங்கிவிட்டீர்களா?

மயிலையார்: தகவலுக்காகச் சொல்கிறேன். அதைத் தூர்த்துத்தான் பூங்கா அமைத்தார்கள். 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரைத்தான் இதற்குச் சூட்டியிருக்கிறார்கள்.

தென்காசியார்: தலைவலித் தைலம் தந்தவரின் பெயர் பொருத்தம்தான், உங்களோடு ஊர் சுற்றுகிறவனுக்கு அது கைவசம் இருக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள், சம்பந்தி. இதோ என் டைரி, நீங்களே கேளுங்கள். "ஞாயிறு. தியாகராய நகர், பனகல் பூங்கா. மாம்பலத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920களில் வற்றவைத்து இந்த நகரை அமைத்த வரலாற்றைச் சம்பந்தி நின்றபடியே விளக்கினார். கால் வலி. பிறகு மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலைக்கு அழைத்துச் சென்றார். ஏரியும் இல்லை, வியூவும் இல்லை, சாலை இருந்தது."

மயிலையார்: பனகல் அரசரைப் பற்றியும் சொன்னேனே, அதை எழுதவில்லையா?

தென்காசியார்: எழுதியிருக்கிறேன். 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். ஏரி போனதும் அவர் காலத்தில்தான் என்று, ஏதோ அவரே மண்வெட்டியோடு இறங்கியதைப் போல, அவருடைய சிலையின் முன்னால் நின்றே குற்றம் சாட்டினீர்கள். சிலை என்ன பதில் சொல்லும், பாவம்?

மயிலையார்: செம்மொழிப் பூங்காவில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நினைக்கிறேன்.

தென்காசியார்: அங்கேதான் அதிகமாக நடந்தது. சுற்றிலும் பூத்துக் குலுங்குகிறது, கல்யாணப் புகைப்படத்துக்கு வந்த ஒரு ஜோடி எதிரில் நிற்கிறது, நீங்களோ ஒரு செடியின் முன்னால் நின்று, "1962 முதல் 2008 வரை இங்கேதான் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்தது, காருக்குள் உட்கார்ந்தபடியே கதவில் தட்டை மாட்டச்சொல்லிச் சாப்பிடலாம்" என்று கண் கலங்கினீர்கள்.

மயிலையார்: என் மகனுக்கு முதன்முதலில் பூரி வாங்கிக் கொடுத்தது அங்கேதான், சம்பந்தி. எங்களிடம் கார் இல்லாததால், மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டோம்.

தென்காசியார்: உங்கள் துயரத்தில் நானும் பங்குகொண்டேன். ஆனால் பூரி, மசால் தோசை, சாம்பார் என்று வரிசையாக வர்ணித்துவிட்டு, வெளியே வந்ததும் ஒரு காபிகூட வாங்கித் தராமல் பேருந்தில் ஏற்றிவிட்டீர்களே. பூங்கா திறந்தது 2010இல் என்றீர்கள். நீங்கள் இன்னும் 2008லேயே பசியோடு நிற்கிறீர்கள், என்னையும் நிறுத்திவைக்கிறீர்கள்.

மயிலையார்: (சற்று வாட்டத்துடன்) அப்படியென்றால் நீங்கள் வந்திறங்கிய அன்று நான் காட்டியதும் பிடிக்கவில்லையா?

தென்காசியார்: எழும்பூரில் இறங்கியவனை, மயிலாப்பூருக்கு நேர்வழி இருக்க, சென்ட்ரல் பக்கம் சுற்றி அழைத்துச் சென்று, நேரு விளையாட்டரங்கத்தை நோக்கிக் கையை நீட்டி, "முன்பு இங்கே சிங்கம் கர்ஜித்தது" என்றீர்கள். இரவெல்லாம் ரயிலில் தூங்காதவனிடம் பேசுகிற பேச்சா அது?

மயிலையார்: அது பீப்பிள்ஸ் பார்க், சம்பந்தி. கவர்னர் டிரெவெலியன் 1859இல் உருவாக்கிய 116 ஏக்கர் பூங்கா. அங்கே இருந்த மிருகக்காட்சி சாலையைத்தான் எங்கள் ஊரார் உயிர் காலேஜ் என்பார்கள். எழும்பூர் அருங்காட்சியகம் செத்த காலேஜ். 1985இல் வண்டலூரில் புதிய பூங்கா திறந்து, விலங்குகளெல்லாம் அங்கே குடிபோய்விட்டன.

தென்காசியார்: இடம் மாறிய சிங்கம்கூட நிம்மதியாக இருக்கிறது. நீங்கள்தான் பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கிறீர்கள். சரி, கிண்டிக்கு வருவோம்.

மயிலையார்: கிண்டியில் குறை சொல்லவே முடியாது. நகரத்துக்குள்ளேயே ஒரு தேசியப் பூங்கா இருப்பது நாட்டிலேயே அபூர்வம்.

தென்காசியார்: செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதும், அதைத் தெரிந்துகொள்ளாமல் செவ்வாய்க்கிழமையே விருந்தாளியை அழைத்துச் செல்வதும் அதைவிட அபூர்வம். ஆனாலும் நான் குறை சொல்லமாட்டேன். திரும்பும் வழியில், சாலையோரக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளிமான் நின்றதே, நினைவிருக்கிறதா? பேருந்து ஹாரன் அடிக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பாமல் ஒரு காதை மட்டும் திருப்பிற்று. காலடியில் கிடந்த பாலிதீன் பையை முகர்ந்து பார்த்து, மூக்கால் ஓரமாகத் தள்ளிவிட்டு, அதன் அடியில் இருந்த பழுத்த இலையை எடுத்து மென்றது. எங்கள் மலையடிவாரத்தில்கூட ஒரு மானை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அப்போது என் காதருகே நீங்கள் என்ன சொன்னீர்கள்?

மயிலையார்: (தயக்கத்துடன்) முன்பு இந்தக் காடு ஏறத்தாழ 5 சதுர கிலோமீட்டர் இருந்தது என்று சொன்னேன். ஐ.ஐ.டி.க்கு, காந்தி மண்டபத்துக்கு, மற்ற நினைவிடங்களுக்கு என்று பிரித்துக் கொடுத்தது போக, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது மிஞ்சியது 2.7 சதுர கிலோமீட்டர்தான் என்றும் சொன்னேன்.

தென்காசியார்: மான் ஓடிவிட்டது, சம்பந்தி.

மயிலையார்: அது என் பேச்சுக்காக ஓடவில்லை, ஒரு லாரி வந்தது.

தென்காசியார்: அடையாற்றுக்குப் போனாலும் இதே கதை. தியோசாபிகல் சொசைட்டியின் ஆலமரம், நானூறு ஐந்நூறு வயதிருக்கும் என்கிறார்கள். விழுதுகளே தூண்களாகி ஒரு மண்டபம்போல நிற்கின்றன. நீங்கள் அத்தனை விழுதுகளையும் விட்டுவிட்டு, நடுவில் இருந்த வெற்றிடத்தைக் காட்டி, "தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது" என்றீர்கள். உலகமே மரத்தைப் பார்க்க வருகிறது. நீங்கள் ஒருவர்தான் வெற்றிடத்தைப் பார்க்க வருகிறீர்கள். வீடு வாங்குகிறவன் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்பதைப்போலவா ஒரு மனிதன் பூங்கா பார்ப்பான்?

மயிலையார்: (நிமிர்ந்து உட்கார்ந்து) நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் மகளும் என் மகனும் வேளச்சேரியில் தரைத்தளத்தில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போனபோது, "முன்பு இங்கே ஏரி இருந்தது" என்று வாசலில் நின்று தடுத்தவன் யார்? என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று இருவரும் கேலி செய்தார்கள். 2015 டிசம்பரில் அந்தத் தெருவில் படகு விட்டார்கள். தண்ணீருக்கு மட்டும் தன் பழைய முகவரி மறப்பதே இல்லை, சம்பந்தி.

தென்காசியார்: (சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு) அதை மறுக்க முடியாது. என் மகள் இரண்டாவது மாடியில் குடியிருப்பது உங்கள் புண்ணியம். ஆனால் அந்த நன்றிக்காக நான் எத்தனை காலி இடங்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரம்பு சொல்லிவிடுங்கள்.

மயிலையார்: இன்றைக்கு உங்கள் விருப்பம். அண்ணா நகர் டவர் பூங்காவுக்குப் போகலாம். 1968இல் வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய 135 அடி கோபுரம். 2011 முதல் பூட்டிவைத்திருந்தார்கள், 2023இல் திறந்துவிட்டார்கள்.

தென்காசியார்: திறந்துவிட்டார்கள் என்று நீங்கள் சொல்லிக் கேட்பதே காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் 135 அடியை என் முழங்கால் ஏறாது. வேறு?

மயிலையார்: தொல்காப்பியப் பூங்கா. அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கர், 2011இல் திறந்தது. முன்பு அங்கே குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டிக்கிடந்தன.

தென்காசியார்: இப்போது?

மயிலையார்: அள்ளி எடுத்துவிட்டு, நீர்நிலையை மீட்டு, நம் மண்ணுக்குரிய மரங்களை நட்டார்கள். பறவைகள் வருகின்றன.

தென்காசியார்: சம்பந்தி! "முன்பு" குப்பை, "இப்போது" பறவை! இப்படி ஓர் இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை நாளும் என்னை லேக் வியூ சாலையில் நிறுத்தி வைத்தீர்களே, இது தகுமா? இன்னும் இப்படி ஏதாவது மறைத்து வைத்திருக்கிறீர்களா?

மயிலையார்: பள்ளிக்கரணை இருக்கிறது.

தென்காசியார்: அங்கே முன்பு என்ன இருந்தது?

மயிலையார்: சதுப்பு நிலம்.

தென்காசியார்: இப்போது என்ன இருக்கிறது?

மயிலையார்: சதுப்பு நிலம்தான். 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 1,247 ஹெக்டேரைச் சேர்த்தார்கள். பருவத்தில் போனால் பூநாரைகூட நிற்கும். ஆனால் அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிதாக...

தென்காசியார்: (அவசரமாக எழுந்து) வேண்டாம்! அதை அங்கேயே நிறுத்துங்கள். உடனே ஓர் ஆட்டோவைக் கூப்பிடுங்கள். நீங்கள் வாக்கியத்தை முடிப்பதற்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.

மயிலையார்: ஆட்டோ எதற்கு? திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் வேளச்சேரியில் இறங்கலாம், அங்கிருந்து பக்கம்தான். தண்டவாளம் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போகும். முன்பு அந்தக் கால்வாயில், சம்பந்தி, ஆந்திரத்திலிருந்து அரிசியும் விறகும் ஏற்றிக்கொண்டு படகுகள்...

தென்காசியார்: பயணச்சீட்டு நான் எடுக்கிறேன். நீங்கள் முதல் பெட்டியில் ஏறுங்கள், நான் கடைசிப் பெட்டியில் ஏறுகிறேன். வேளச்சேரியில் சந்திப்போம்.