தென்னை வரி மட்டும் காரணமில்லை

இலங்கையில 1797ல பிரிட்டிஷ்காரனுக்கு எதிரா நடந்த கிளர்ச்சிக்கு தென்னை மர வரிதான் காரணம் எண்டு அதைப் பற்றின கட்டுரையில எழுதியிருக்கு, அது அரைவாசிதான். நான் திருகோணமலை, 1795 ஆகஸ்ட்டில பிரிட்டிஷ்காரன் ஒல்லாந்தரிட்ட (டச்சுக்காரரிட்ட) இருந்து முதல்ல பிடிச்சது எங்கட கோட்டையைத்தான், அடுத்த பெப்ரவரியில கொழும்பும் போச்சு. பிறகு மெட்ராஸில இருந்த கிழக்கிந்தியக் கம்பனி நிர்வாகத்தை அப்பிடியே இங்க கொண்டுவந்து இறக்கினாங்கள், வரி நிர்வாகத்துக்குப் பொறுப்பா இருந்த ராபர்ட் ஆண்ட்ரூஸ் எண்டவர் பரம்பரையா இருந்த முதலிமாரை, அதாவது ஊர்த் தலைமைக்காரரை, தள்ளி வச்சிட்டு மெட்ராஸ் அமில்தார்மாரிட்ட (வரி அதிகாரிகளிட்ட) வரி வசூலைக் குடுத்தார், அவங்களுக்கு ஊர் வழக்கம் ஒண்டும் தெரியாது, காசு வந்தாச் சரி. அரசுக்கு ஊழியம் செய்து அதுக்குப் பதிலா காணி ஆண்டு வந்த சனத்திட்ட, இனி ஊழியம் வேண்டாம் விளைச்சல்ல பங்கு தா எண்டா வயிறு எரியாதா? இதுக்கு மேலதான் தென்னை வரி வந்து விழுந்தது. தலைமைக்காரரும் பதவி போன கோவத்தில சனத்தோட நிண்டதாலதான் அது பெரிய கிளர்ச்சியாச்சு, இதைக் கட்டுரை தொடவே இல்ல. கிளர்ச்சியை விசாரிக்க வெள்ளைக்காரன் போட்ட டி மியூரன் கமிட்டியே கடைசியில பழைய முறைக்குத் திரும்பச் சொல்லித்தான் சிபாரிசு செய்தது. தயவுசெய்து இந்தப் பகுதியையும் சேர்த்து எழுதுங்கோ, பள்ளிக்கூடப் பிள்ளையளும் இதை வாசிக்குதுகள்.